காணாத அமுது: வில்லியம் ஹார்வியின் வாழ்க்கை

கோழி அடைகாக்கும் முட்டைக்குள் வளரும் குஞ்சுக்கு இரை எங்கிருந்து கிடைக்கிறது? இக்கேள்விக்கு நம் வீட்டுப் பாட்டிமார்கூடத் தயங்காமல் விடை சொல்வார்கள். தாய்க்கோழி முட்டை இடும்போதே மஞ்சள் கருவையும் வெண்கருவையும் கட்டுச்சோறு போலக் கூடவே வைத்து அனுப்பிவிடுகிறது. ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வரும் வரையில் அந்தக் கட்டுச்சோறு குஞ்சுக்குப் போதுமானது.

பசு, ஆடு, மான், குதிரை, மனிதர் ஆகிய பாலூட்டிகளின் நிலை வேறு. இவற்றின் சினைமுட்டை நுண்மணலின் ஒரு துகள் அளவே இருக்கிறது. கட்டுச்சோற்றுக்கு அதில் இடமில்லை. தாயின் கருப்பையில் நச்சுக்கொடி உருவாகி, கொப்பூழ்க்கொடி வழியாகச் சேய்க்கு உணவு செல்கிறது என்று நாம் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். ஆனால் நச்சுக்கொடி முதல் நாளே உருவாகிவிடுவதில்லை. அது வளர்ந்து தன் வேலையை ஏற்றுக்கொள்ளப் பல நாட்கள் ஆகின்றன. சில உயிர்களில் பல வாரங்களும் ஆகின்றன. அதுவரையில் அந்தச் சின்னஞ்சிறு கரு எதை உண்டு வாழ்கிறது?

இக்கேள்வியின் வாசல் வரை சென்று, உள்ளே எதையும் காணாமல் திகைத்து நின்ற ஒரு பெரியவரின் வரலாறு இது. அவர் பெயர் வில்லியம் ஹார்வி. இரத்த ஓட்டத்தைக் கண்டுபிடித்தவர் என்று நாம் அனைவரும் அறிந்திருக்கும் அதே ஹார்விதான். முதுமையில் அவர் எழுதிய இரண்டாவது பெரிய நூலைப் பற்றி நம்மில் பலர் கேள்விப்பட்டிருக்க மாட்டோம். அந்த நூலில் அவர் தவறினார். தவறிய இடத்திலும் அவர் எவ்வளவு உயர்ந்து நின்றார் என்பதை அறிவது நமக்குப் பயன் தரும்.

இளமையும் கல்வியும்

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கடற்கரையில் உள்ள ஃபோக்ஸ்டன் என்னும் சிற்றூரில், 1578-ஆம் ஆண்டு ஏப்ரல் 1-ஆம் நாள் ஹார்வி பிறந்தார். தந்தை தாமஸ் வசதியுள்ள குடியானவர். பின்னர் அவ்வூரின் மேயராகவும் விளங்கினார். தாய் ஜோன். ஏழு ஆண் மக்களும் இரண்டு பெண் மக்களும் கொண்ட அக்குடும்பத்தில் வில்லியமே மூத்தவர். அந்தத் தாய் 1605-இல் மறைந்தபோது, அவருடைய அடக்கத்தையும் அயலாரிடம் காட்டிய அன்பையும் பிள்ளைகளைப் பேணிய கனிவையும் புகழ்ந்து எழுதிய பித்தளைத் தகடு ஒன்று ஃபோக்ஸ்டன் கோவிலில் பதிக்கப்பட்டது. ஒன்பது பிள்ளைகளைப் பேணி வளர்த்த தாயின் மூத்த மகன், பிற்காலத்தில் தாய்மையின் தொடக்கத்தையே ஆராயப் புகுந்தது பொருத்தமே.

பத்து வயதில் காண்டர்பரி நகரப் பள்ளியிலும், பதினைந்து வயதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் சேர்ந்து பயின்றார். மருத்துவம் கற்க வேண்டும் என்ற ஆவல் அவரை இத்தாலி நாட்டின் பதுவை நகருக்கு இட்டுச் சென்றது. அக்காலத்தில் உடற்கூற்றுக் கலைக்கு ஐரோப்பா முழுவதிலும் பதுவையைவிடப் புகழ் பெற்ற இடம் இல்லை. கலிலியோ அங்கே கணிதம் கற்பித்துக்கொண்டிருந்த காலம் அது.

ஹார்வியின் ஆசிரியர் ஃபாப்ரீசியஸ். நீள்வட்ட வடிவில், ஆறு அடுக்குகளாக மரத்தால் அமைக்கப்பட்ட அரங்கத்தின் நடுவில் நின்று அவர் பாடம் நடத்துவார். மாணவர்கள் அடுக்குகளில் நெருக்கியடித்து நின்று, மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் குனிந்து பார்ப்பார்கள். இரத்தக் குழாய்களில் உள்ள சிறு கதவுகளை ஹார்விக்குக் காட்டியவர் இவரே. முட்டைக்குள் குஞ்சு வளர்வதையும், பல விலங்குகளின் கருவையும் நச்சுக்கொடியையும் வரைந்து வைத்தவரும் இவரே. ஆசிரியர் ஏற்றிய இந்த இரண்டு விளக்குகளும் மாணவரின் வாழ்நாள் முழுவதும் எரிந்தன. முதல் விளக்கின் ஒளியில் ஹார்வி இரத்த ஓட்டத்தைக் கண்டார். இரண்டாவது விளக்கை ஏந்திக்கொண்டுதான் கருவின் இருளுக்குள் நுழைந்தார்.

மருத்துவரும் மன்னரும்

1602-ஆம் ஆண்டு ஏப்ரல் 25-ஆம் நாள் பதுவையில் மருத்துவப் பட்டம் பெற்று ஹார்வி தாயகம் திரும்பினார். 1604-இல் அரசவை மருத்துவர் ஒருவரின் மகளான எலிசபெத் பிரவுன் அம்மையாரை மணந்தார். 1609-இல் லண்டனில் ஏழைகளுக்காக நடத்தப்பட்ட புனித பர்த்தலோமேயு மருத்துவமனையின் மருத்துவரானார். பகலில் நோயாளிகளைக் கவனிப்பதும், ஓய்வு கிடைத்தபோதெல்லாம் தவளை, பாம்பு, மீன், நாய் என்று கைக்குக் கிடைத்த உயிரினங்களை ஆராய்வதுமாக அவருடைய நாட்கள் சென்றன.

1628-இல் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் எழுபத்திரண்டே பக்கங்கள் கொண்ட அவருடைய சிறு நூல் வெளிவந்தது. இதயம் ஒரு துடிப்பில் எவ்வளவு இரத்தத்தை வெளியேற்றுகிறது என்று கணக்கிட்டு, அதே இரத்தம்தான் உடல் முழுவதும் சுற்றித் திரும்பி வருகிறது என்று அவர் நிலைநாட்டினார். உண்ணும் உணவிலிருந்து ஈரல் புதிது புதிதாக இரத்தத்தை உண்டாக்குகிறது என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக நம்பி வந்த மருத்துவ உலகம் அதிர்ந்தது. நோயாளிகள் பலர் அவரிடம் வருவதை நிறுத்தினார்கள். ஹார்வி மனம் தளரவில்லை. மன்னர் முதலாம் சார்லஸ் அவரைத் தம் மருத்துவராக வைத்துக்கொண்டார்.

ஹார்வி தம்பதியருக்குக் குழந்தைகள் இல்லை. எலிசபெத் அம்மையார் ஒரு கிளியை வெகு அருமையாக வளர்த்து வந்தார். அது அழைத்தால் பதில் சொல்லும். அம்மையாரின் மடியில் வந்து அமர்ந்துகொள்ளும். அவ்வளவு நன்றாகப் பேசியதனால் அதை ஆண் கிளி என்றே ஹார்வி பல ஆண்டுகள் நினைத்திருந்தார். ஒரு நாள் அது நோயுற்று எஜமானியின் மடியிலேயே உயிர் விட்டது. சாவின் காரணத்தை அறிய ஹார்வி அதன் உடலை ஆராய்ந்தபோது, வெளிவராமல் உள்ளேயே கெட்டுப்போன முட்டை ஒன்று இருக்கக் கண்டார்! தாம் இத்தனை நாள் தவறாக எண்ணியிருந்ததை மறைக்காமல் தம் நூலிலேயே அவர் எழுதி வைத்தார். அவருடைய குணத்துக்கு இது ஒரு சிறு சான்று. பெரிய சான்று இனிமேல்தான் வருகிறது.

அரசரின் மான் சோலையில்

மன்னர் சார்லஸுக்கு வேட்டையில் பெருவிருப்பம். கோடையில் கலைமான்களையும், இலையுதிர் காலத்திலும் குளிர்காலத்திலும் பிணைமான்களையும் வேட்டையாடுவார். ஏறக்குறைய வாரந்தோறும் வேட்டை நடக்கும். வீழ்த்தப்பட்ட பிணைமான்களின் கருப்பையை ஆராய மன்னர் தம் மருத்துவருக்கு இசைவு தந்தார். கரு எவ்வாறு தொடங்குகிறது, எதிலிருந்து உருவாகிறது, எதை உண்டு வளர்கிறது என்று அறிய இதைவிட நல்ல வாய்ப்பு யாருக்குக் கிடைக்கும்? பல ஆண்டுகள் ஹார்வி இப்பணியில் ஈடுபட்டார்.

அக்காலத்து அறிஞர்கள் என்ன நம்பினார்கள் என்பதை இங்கே சொல்ல வேண்டும். உறைமோர் பட்ட பால் உறைவது போலத் தாயின் குருதி கருப்பையில் உறைந்து கருவாகிறது என்பது அரிஸ்டாட்டில் வழி வந்த கொள்கை. தாய் தந்தை இருவரின் வித்தும் கருப்பையில் கலந்து திரள்கின்றன என்பது காலன் என்ற பண்டைய மருத்துவரின் கொள்கை. இவற்றில் எது உண்மையானாலும், மான்கள் இணை சேர்ந்த சில நாட்களிலேயே கருப்பைக்குள் ஏதேனும் ஓர் உறைவோ திரளோ காணப்பட்டே ஆக வேண்டும்.

செப்டம்பர் நடுவில் மான்கள் கூடும் காலம் தொடங்குகிறது. செப்டம்பர் முடிவில் ஹார்வி பார்த்தார். ஒன்றும் இல்லை. அக்டோபர் முழுவதும் பார்த்தார். உறைந்த குருதி இல்லை, திரண்ட வித்து இல்லை, முட்டை போன்ற எதுவும் இல்லை. கருப்பையின் உட்புறம் சற்றுத் தடித்து மென்மையாகியிருந்தது, அவ்வளவுதான். ஆண்டுதோறும் இதே காட்சி. அதே மான் கூட்டத்தில் உயிரோடிருந்த பிணைமான்களோ அடுத்த கோடையில் குட்டிகளோடு துள்ளித் திரிந்தன.

இதை மன்னரிடம் சொன்னபோது, மன்னர் தாமே வந்து பார்த்தார். ஆனால் மான் காவலர்களும் வேட்டைக்காரர்களும் நம்ப மறுத்தார்கள். அவ்வாண்டு மான்கள் காலந்தாழ்ந்து சேர்ந்திருக்கும் என்றும், ஹார்வி தாமும் ஏமாந்து மன்னரையும் ஏமாற்றுகிறார் என்றும் பேசிக்கொண்டார்கள். ஐயத்தைத் தீர்க்க மன்னர் ஓர் ஏற்பாடு செய்தார். அக்டோபர் தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு டஜன் பிணைமான்களைக் கலைமான்களிடமிருந்து பிரித்து, ஹாம்ப்டன் அரண்மனையை அடுத்த வேலிக்குள் அடைக்கச் செய்தார். அவற்றில் சிலவற்றை ஹார்வி ஆராய்ந்தார்; கருப்பையில் எதுவும் இல்லை. எஞ்சியவற்றை உயிரோடு விட்டுவைத்தார். அவை கலைமானின் முகத்தையே பாராதிருந்தும், உரிய காலத்தில் குட்டிகளை ஈன்றன! அடைக்கப்பட்ட நாளிலேயே அவை கருவுற்றிருந்தன என்பது இதனால் உறுதியாயிற்று. சோதனை ஒன்றைச் செய்யும்போது ஒரு பகுதியைத் தொடாமல் விட்டு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று இன்று நாம் ஆய்வுக்கூடத்தில் கற்கிறோம். முந்நூற்றெண்பது ஆண்டுகளுக்கும் முன்பே ஓர் அரச சோலையில் அம்முறை கையாளப்பட்டது வியப்புக்குரியது அன்றோ?

நவம்பர் மாதம் பாதியை எட்டும் தறுவாயில் காட்சி மாறியது. கருப்பைக்குள் சிலந்தி வலை போன்ற வழுவழுப்பான இழைகள் தென்பட்டன. அவை ஒன்றுசேர்ந்து ஒரு நீண்ட மெல்லிய பையாகத் தோன்றின. அடுத்த சில நாட்களில் அப்பையில் பளிங்கு போன்ற ஒரு துளி; அதற்குள் விட்டுவிட்டுத் துடிக்கும் ஒரு செம்புள்ளி. அது குட்டிமானின் இதயம்! கோழி முட்டையில் அவர் பன்முறை கண்டிருந்த அதே துடிக்கும் புள்ளி. அதை ஹார்வி மன்னருக்கும் காட்டி மகிழ்ந்தார்.

ஆனால் அந்த இரண்டு மாத வெறுமையை எப்படி விளக்குவது? காந்தம் தொட்ட இரும்பு, காந்தம் விலகிய பின்னும் அதன் ஆற்றலைத் தாங்கி நிற்பது போல, கருப்பையும் கண்ணுக்குப் புலப்படாத ஓர் ஆற்றலைப் பெற்றுக்கொண்டு, பின்னர் தானே கருவை உண்டாக்குகிறது என்று அவர் முடிவு செய்தார். இது தவறு. சினைமுட்டை தோன்றும் சினைப்பைகளுக்குக் கருவுறுதலில் பங்கில்லை என்றும் எண்ணிவிட்டார். அதுவும் தவறு. உருப்பெருக்கிக் கருவிகள் அப்போதுதான் தவழத் தொடங்கியிருந்தன. வெறும் கண்ணால் காண முடியாததைத் தேடி அவர் ஒரு தலைமுறை முன்னதாகவே வந்துவிட்டார்.

வேறோர் இடத்தில் அவர் கண்கள் கூர்மையாகவே பார்த்தன. தாயின் இரத்தக் குழாய்களும் சேயின் இரத்தக் குழாய்களும் நேராக இணைவதில்லை என்பதை அவர் வற்புறுத்தினார். மானின் கருப்பைச் சுவரில் கரு ஒட்டிக்கொள்ளும் சதைக்குமிழ்களில் முட்டையின் வெண்கரு போன்ற வழுவழுப்பான நீர் இருப்பதைக் கண்டார். தாய் மார்பில் பாலைச் சுரப்பது போலக் கருப்பையும் சேய்க்கு உணவைச் சுரந்து தருகிறது என்று கருதினார். கோழி ஒரே தடவையில் கட்டிக் கொடுத்த சோற்றை, மான் தன் வயிற்றிலேயே அன்றாடம் சமைத்துத் தருகிறது என்பது அவர் கண்ட ஒற்றுமை. உண்மையின் மிக அருகில் அவர் வந்துவிட்டார்.

போரும் இழப்பும்

1642-இல் மன்னருக்கும் பாராளுமன்றத்துக்கும் உள்நாட்டுப் போர் மூண்டது. அக்டோபர் 23-ஆம் நாள் எட்ஜ்ஹில் என்னுமிடத்தில் நடந்த முதற் பெரும் போரின்போது, இளவரசர்கள் இருவரையும் காக்கும் பொறுப்பு ஹார்வியிடம் ஒப்படைக்கப்பட்டது. மூத்தவருக்குப் பன்னிரண்டு வயது. இளையவருக்கு ஒன்பது வயது. பீரங்கிகள் முழங்க, ஒரு வேலியோரம் அமர்ந்து சட்டைப் பையிலிருந்த புத்தகத்தை எடுத்துப் படிக்கத் தொடங்கிவிட்டார் என்றும், பக்கத்தில் குண்டு ஒன்று வந்து விழுந்த பிறகுதான் இடம் மாறினார் என்றும் அவரை நன்கறிந்த ஆப்ரி எழுதியிருக்கிறார்.

அதே ஆண்டில் பாராளுமன்றப் படைவீரர்கள் லண்டனில் ஹார்வியின் இல்லத்துக்குள் புகுந்து சூறையாடினார்கள். தட்டுமுட்டுச் சாமான்கள் போனதை அவர் பொருட்படுத்தவில்லை. பூச்சிகளின் பிறப்பைப் பற்றிப் பல ஆண்டுகள் பாடுபட்டுச் சேர்த்த குறிப்புகள் அழிந்ததே அவரைக் கடைசி வரை வாட்டியது. மான் சோலைகளும் இனி இல்லை. ஆனால் கோழி முட்டை எங்கும் கிடைக்குமே! மன்னரோடு ஆக்ஸ்ஃபர்டு நகரில் தங்கியிருந்த நாட்களில், டிரினிட்டி கல்லூரியைச் சேர்ந்த ஜார்ஜ் பாதர்ஸ்ட் என்ற நண்பர் தம் அறையிலேயே ஒரு கோழியை அடைவைத்திருந்தார். ஹார்வி அங்கே சென்று நாளுக்கொரு முட்டையாக உடைத்துப் பார்த்துக் குஞ்சின் வளர்ச்சியைக் குறித்துக்கொண்டார். வெளியே நாடு பற்றி எரியும்போது, அந்த முதியவர் ஒரு முட்டைக்குள் உயிர் துடிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1646-இல் ஆக்ஸ்ஃபர்டு வீழ்ந்தது. 1649-இல் மன்னர் தலை வெட்டப்பட்டு இறந்தார். ஹார்வி தம் சகோதரர்களின் வீடுகளில் ஒதுங்கி வாழ்ந்தார். கருவைப் பற்றிய கைப்பிரதியை வெளியிட அவருக்கு மனமில்லை. முதல் நூல் கிளப்பிய சச்சரவே போதும் என்றிருந்தது. நண்பர் ஜார்ஜ் எண்ட் வற்புறுத்தி வாங்கிச் சென்று 1651-இல் அச்சிட்டார். நூலின் முகப்புப் படத்தில் கிரேக்கத் தெய்வமான சியூஸ் ஒரு முட்டையைத் திறக்க, அதிலிருந்து மான், பறவை, பாம்பு, மனிதக் குழந்தை எல்லாம் வெளிவருகின்றன. எல்லா உயிர்களுக்கும் தொடக்கம் முட்டையே என்று, பாலூட்டியின் முட்டையைக் கண்ணால் காணாத ஒருவர் துணிந்து எழுதினார்! அதே நூலில், தாம் பார்த்த கருப்பைகள் காலியாகவே இருந்தன என்பதையும் ஒளிக்காமல் எழுதினார்.

காலி இடத்தில் இருந்தது என்ன?

ஹார்வி விட்டுச் சென்ற புதிரைப் பிறர் எடுத்துக்கொண்டார்கள். 1667-இல் வால்டர் நீதம் என்ற ஆங்கில மருத்துவர் கருப்பையில் சுரக்கும் பால் போன்ற நீரைப் பற்றி எழுதினார். கருப்பைப் பால் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது. அதே ஆண்டில், பின்னாளில் ஆயராகி, 1988-இல் முத்திப்பேறு பெற்றவராக உயர்த்தப்பட்ட டென்மார்க் அறிஞர் நிக்கோலாஸ் ஸ்டேனோ, பெண்ணின் சினைப்பைகளும் முட்டை தருபவையே என்று அறிவித்தார். 1672-இல் ஹாலந்து நாட்டின் டி கிராஃப் முயல்களை ஆராய்ந்து, மூன்றாம் நாளில் நுண்ணிய முட்டைகள் கருக்குழாயில் இருப்பதைக் கண்டார். ஆயினும் பாலூட்டியின் சினைமுட்டையைச் சினைப்பையிலேயே நேரில் கண்டவர் ஃபான் பேயர் என்னும் அறிஞர்தான். அவர் ஒரு நாயிடம் அதைக் கண்டது 1827-இல். ஹார்வி இறந்து 170 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இப்போது அந்த அக்டோபர் மாதத்து மானின் கருப்பைக்குத் திரும்புவோம். மானைப் போலவே அசைபோடும் செம்மறியாட்டை எடுத்துக்கொண்டால் விஷயம் தெளிவாகும். கருவுற்ற முட்டை முதல் சில நாட்கள் தன்னிடமுள்ள சிறு சேமிப்பையும், கருக்குழாயின் நீரில் கரைந்துள்ள சத்துகளையும் கொண்டு பிழைக்கிறது. நான்கைந்து நாட்களில் கருப்பைக்குள் இறங்கி, எங்கும் ஒட்டாமல் மிதக்கிறது. பன்னிரண்டாம் நாளில் அது சில மில்லிமீட்டர் அளவுள்ள பை. பிறகு விரைந்து நீளத் தொடங்கி, பதினாறாம் நாளுக்குள் பத்து சென்டிமீட்டருக்கும் மேற்பட்ட மெல்லிய நூலாகிவிடுகிறது. ஹார்வி நவம்பரில் கண்ட சிலந்தி வலை இழைகள் இத்தகைய கருவின் உறைகளே. அதற்கு முன்பும் கரு அங்கேதான் இருந்தது. ஈரம் படிந்த கருப்பைச் சுவரின் மேல், வெறும் கண்ணுக்கு அகப்படாமல் இருந்தது.

அது இருந்த ஈரமே அதன் உணவு. கருப்பையின் உட்சுவரில் எண்ணற்ற நுண்சுரப்பிகள் உள்ளன. சர்க்கரை, புரதம், கொழுப்பு, தாது உப்புகள் ஆகியவை கலந்த நீரை அவை சுரக்கின்றன. கருவின் வெளிப்புற உயிரணுக்கள் அதை உறிஞ்சியும் விழுங்கியும் வளர்கின்றன. ஹார்வி கண்ட மென்மையும் தடிப்பும் ஒரு சமையலறை தயாராகும் அடையாளங்கள்! குதிரையின் கரு ஏறத்தாழ நாற்பது நாட்கள் இந்த உணவையே நம்பியிருக்கிறது. ரோ மான் எனப்படும் சிறு மான் வகையில் இன்னும் வியப்பு. கோடையில் கருவுற்ற முட்டை, ஏறத்தாழ ஐந்து மாதங்கள் வளர்ச்சியை மிக மெதுவாக்கிக்கொண்டு கருப்பையில் மிதந்தபடியே காத்திருக்கிறது. இதை ஜெர்மானிய அறிஞர் பிஷாஃப் 1854-இல் விளக்கினார்.

இந்தச் சுரப்பு இல்லாவிட்டால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டெக்சாஸ் மாநில ஆய்வாளர்கள், பிறந்த பெண் ஆட்டுக்குட்டிகளுக்கு ஒருவகை ஹார்மோன் மருந்தைக் கொடுத்து, கருப்பைச் சுரப்பிகள் உருவாகாமல் தடுத்தார்கள். அவை வளர்ந்து கருவுற்றபோது, கரு நூலாக நீளும் கட்டத்தைத் தாண்டவே இல்லை. இம்முடிவு 2001-இல் வெளியாயிற்று. மற்ற எல்லாம் சரியாக இருந்தும், அந்த முதல் உணவு இல்லாமையால் உயிர் நிலைக்கவில்லை.

மனிதக் கரு ஆறேழு நாட்களிலேயே கருப்பைச் சுவரில் புதையத் தொடங்கிவிடுகிறது. அதன் பின் தாயின் குருதியே அதற்கு உணவளிக்கிறது என்று நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். கேம்பிரிட்ஜ், லண்டன் ஆய்வாளர்கள் 2002-இல் வெளியிட்ட ஆய்வு வேறொன்றைக் காட்டியது. தாயின் குருதி நச்சுக்கொடிக்குள் தாராளமாகப் பாயத் தொடங்குவது ஏறத்தாழ மூன்றாம் மாத முடிவில்தான். அதுவரையில் கருப்பைச் சுரப்பிகளே தங்கள் சத்து நீரை வளரும் நச்சுக்கொடியின் இடைவெளிகளில் ஊற்றிக்கொண்டிருக்கின்றன. ஹார்வி பயின்ற அதே கேம்பிரிட்ஜிலிருந்து, அவர் நூலுக்கு 351 ஆண்டுகள் கழித்து வந்த பதில் இது.

மாலைப் பொழுது

ஹார்வியின் இறுதி ஆண்டுகள் அமைதியாகக் கழிந்தன. கீல்வாதம் அவரைத் துன்புறுத்தியது. காப்பி அருந்தும் வழக்கம் லண்டனில் பரவுவதற்கு முன்பே அவர் வீட்டில் அது இருந்தது. மருத்துவர் கல்லூரிக்கு ஒரு நூலகத்தைக் கட்டித் தம் புத்தகங்களை அளித்தார். 1654-இல் அக்கல்லூரி தன் தலைவராக அவரைத் தேர்ந்தெடுத்தபோது, முதுமையைக் காட்டிப் பணிவுடன் மறுத்துவிட்டார். 1657-ஆம் ஆண்டு ஜூன் 3-ஆம் நாள் வாத நோயால் தாக்கப்பட்டு, எழுபத்தொன்பதாம் வயதில் உயிர் நீத்தார். எஸ்ஸெக்ஸ் வட்டாரத்தின் ஹெம்ப்ஸ்டெட் சிற்றூர்க் கோவிலில் அவரை அடக்கம் செய்தார்கள். அவர் அளித்த நூலகம் 1666-ஆம் ஆண்டு லண்டன் பெருந்தீக்கு இரையானது. குறிப்புகளைப் போர் கொண்டுபோயிற்று. புத்தகங்களைத் தீ கொண்டுபோயிற்று. அவர் உள்ளபடி எழுதிய சொற்கள் மட்டும் நிலைத்தன.

அன்புத் தோழியரே, ஆய்வுக்கூடத்தில் நாம் செய்யும் சோதனையில் எதிர்பார்த்த விடை வராதபோது, பக்கத்துத் தோழியின் குறிப்பேட்டைப் பார்த்து எழுதிவிடலாமா என்று ஓர் ஆசை எழுவதுண்டு. ஹார்விக்கும் அது எளிதாக இருந்திருக்கும். அரிஸ்டாட்டில் சொன்னபடி ஓர் உறைவைக் கண்டேன் என்று எழுதியிருந்தால் யாரும் மறுத்திருக்க மாட்டார்கள். காணவில்லை என்று எழுதினார். அதனால் ஏளனத்துக்கு ஆளானார். ஆனால் அந்த நேர்மையான வெறுமைதான் பின்வந்தவர்களை மேலும் தேட வைத்தது. அவருடைய விளக்கம் மறைந்தது. அவர் கண்டதும் காணாததும் இன்றும் உண்மையாகவே நிற்கின்றன.

இன்னொன்றும் நம் நெஞ்சில் நிற்க வேண்டும். நம் ஒவ்வொருவருக்கும் அம்மா ஊட்டிய முதல் கவளம் நிலாச்சோறு என்று எண்ணியிருந்தோம். அதற்கு முன் தாய்ப்பால். அதற்கும் முன் கொப்பூழ்க்கொடி வழி வந்த உணவு. அதற்கும் முன்பு, நாம் வந்திருப்பதை அம்மாவே அறியாதிருந்த அந்த முதல் நாட்களில், அவள் உடல் நமக்காகச் சத்து நீரைச் சுரந்து ஊட்டிக்கொண்டிருந்தது. இன்று மாலை வீடு திரும்பியதும் அம்மா சாப்பிட அழைத்தால், ஒரு குரலிலேயே எழுந்து போவோமாக.